டாட்ஜ் சார்ஜர் வாங்கப் போகிறீர்களா? பெயரை விடுங்கள், எட்டாவது எழுத்தைப் பாருங்கள்

சென்ற ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மைனஸ் 14 டிகிரி குளிரில், டொரண்டோவுக்கு மேற்கே ஒரு பழைய கார் யார்டில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் என் சித்தி மகன். இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு, கறுப்பு நிற டாட்ஜ் சார்ஜர் ஒன்றைக் கல்யாணப் பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். முன் கிரில்லில் ஓடுகிற தேனீ முத்திரை. விற்பவர் "ஸ்கேட் பேக்" என்றார், அதாவது 6.4 லிட்டர் இன்ஜின் போட்ட வகை; அந்தத் தேனீ அதன் அடையாளம். விலையும் ஸ்கேட் பேக் விலைதான்.

நான் விண்ட்ஷீல்டின் ஓட்டுநர் பக்க மூலையில் இருந்த பனியைக் கையுறையால் துடைத்துவிட்டு, உள்ளே தெரிந்த வின் எண்ணை (காரின் 17 இட அடையாள எண்) எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டாவது இடத்தில் டாக்ஸியின் டி. "தம்பி, இது 5.7 லிட்டர் இன்ஜின். ஸ்கேட் பேக் இல்லை" என்றேன். விற்பவருக்கு முகம் கொஞ்சம் மாறியது. தான் வாங்கும்போதே அந்தத் தேனீ அங்கே இருந்தது என்றார். இருந்திருக்கலாம். அந்த முத்திரையை ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டலாம்.

அன்று காரில் திரும்பும்போது அவனுக்கு நான் சொன்னதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இது 2015 முதல் 2023 வரை வந்த நான்கு கதவு சார்ஜரைப் பற்றியது. டொரண்டோவுக்குப் பக்கத்தில் உள்ள பிராம்ப்டன் தொழிற்சாலையில் 2023 டிசம்பரோடு இதன் தயாரிப்பு நின்றுவிட்டது, அதனால் இனி வாங்குவதெல்லாம் கைமாறிய வண்டிதான். நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கும் ஊரில் செய்த கார் என்பதால் எனக்கு இதன்மேல் கொஞ்சம் பாசம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதல் படி: நான்கு இன்ஜின்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒன்பது வருடங்களில் இந்தக் காருக்கு எத்தனையோ பெயர்கள் வைத்தார்கள். ஆனால் பானெட்டுக்குள் இருந்தவை நான்கே நான்கு. இதை மனதில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது 3.6 லிட்டர் வி6, அதாவது ஆறு சிலிண்டர். பென்டாஸ்டார் என்று பெயர். 292 குதிரைத்திறன், சுமார் 353 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). காற்று உள்ளே வரும் வழியையும் சைலன்சரையும் மாற்றிய ஜி.டி. போன்றவற்றில் 300 குதிரைத்திறன். எட்டு கியர் ஆட்டோமேட்டிக்குடன் வரும் (2015 முதல் கடையில் விற்ற எல்லா சார்ஜரிலும் எட்டு கியர்தான், உள் பாகங்களின் பலம் மட்டும் மாறும்). சாதாரண பெட்ரோல் போதும். இதை "வாடகைக் கார் இன்ஜின்" என்று கேலி செய்பவர்கள் உண்டு. ஏர்போர்ட்டில் வாடகைக்கு எடுத்தால் இதுதான் கிடைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் 300 குதிரைத்திறனை ஏளனம் செய்யும் அளவுக்கு நாம் எப்போது பணக்காரர்கள் ஆனோம் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது 5.7 லிட்டர் ஹெமி வி8. 370 குதிரைத்திறன், சுமார் 535 நியூட்டன் மீட்டர். ஹெமி என்பது அரைக்கோளம் என்ற சொல்லிலிருந்து வந்தது. சிலிண்டருக்கு மேலே எரிபொருள் எரியும் அறை கிண்ணத்தைக் கவிழ்த்தது போல இருக்கும். இன்றைய ஹெமியில் அது முழு அரைக்கோளம் இல்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், ஆக மொத்தம் 16. மெக்கானிக்கிடம் "பிளக் மாற்ற எவ்வளவு" என்று கேட்கும்போது இந்த எண் ஞாபகம் இருக்கட்டும். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும்போது எட்டில் நான்கு சிலிண்டர்களை நிறுத்திவைத்துப் பெட்ரோல் மிச்சப்படுத்தும் ஏற்பாடும் இதில் உண்டு.

மூன்றாவது 6.4 லிட்டர். கன அங்குலக் கணக்கில் 392, அதனால் அமெரிக்கர்கள் இதை எண்ணாலேயே அழைப்பார்கள். 485 குதிரைத்திறன், சுமார் 644 நியூட்டன் மீட்டர். டர்போ இல்லை, சூப்பர்சார்ஜர் இல்லை, வெறும் கொள்ளளவு. மிதித்த நொடியில் பதில் சொல்லும். இதன் ஓசையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை திசைமாறிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அடுக்குமாடியின் நிலத்தடி பார்க்கிங்கில் காலை ஐந்தரைக்கு இதை ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவார்.

நான்காவது 6.2 லிட்டர் ஹெமி, தலையில் 2.4 லிட்டர் சூப்பர்சார்ஜர். ஹெல்கேட். 2015-ல் வந்தபோது 707 குதிரைத்திறன், 2021 முதல் 717. இன்ஜினின் கிராங்க்கில் ஓடும் பெல்ட்தான் சூப்பர்சார்ஜரைச் சுற்றுகிறது. அது காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் திணிக்கிறது. சூப்பர்சார்ஜரைச் சுற்றவே உச்சத்தில் சுமார் 80 குதிரைத்திறன் செலவாகும். ஒரு சின்ன ஹேட்ச்பேக்கின் மொத்த பலத்தையும் காற்றடிக்கக் கொடுத்துவிட்டு மீதியாக நிற்பது 707. இதற்கும் மேலே 2.7 லிட்டர் சூப்பர்சார்ஜருடன் ரெட்ஐ: 797 குதிரைத்திறன், ஜெயில்பிரேக் ரெட்ஐயில் 807. முழு மிதியில் ஹெல்கேட் நிமிடத்துக்கு ஐந்து லிட்டருக்கு மேல் குடிக்கும். 70 லிட்டர் டேங்க் சுமார் 13 நிமிடத்தில் காலி. அந்த 13 நிமிடமும் மிதித்துப் பிடிக்க இங்கே எந்த ரோடும் இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாம் படி: பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

விளம்பரத்தில் இன்ஜின் அளவைப் போடமாட்டார்கள், பெயரைத்தான் போடுவார்கள். சாதாரண ஆண்டில் கணக்கு எளிது: எஸ்.எக்ஸ்.டி. என்றால் வி6. ஜி.டி. என்றாலும் வி6. ஆர்/டி என்றால் 5.7. ஸ்கேட் பேக் என்றால் 6.4. ஹெல்கேட், ரெட்ஐ என்றால் 6.2.

இதில் அதிகம் பேர் ஏமாறுவது ஜி.டி.யில். பெயர் பந்தயக் கார் போல இருக்கும், பானெட்டில் காற்றுத் துளையும் இருக்கும், சீட்டும் சக்கரமும் வி8 வண்டியைப் போலவே இருக்கும். உள்ளே வி6. தவிர இந்தப் பெயரின் பொருளும் நடுவில் மாறியது. 2018-ல் ஜி.டி. என்றாலே நான்கு சக்கர இயக்கம். 2019-ல் அதே ஜி.டி. பின்சக்கர இயக்கமாக வந்தது. 2020 முதல் இரண்டு வகையும் கிடைத்தன. ஆக "2019 ஜி.டி., பனிக்கு நல்ல வண்டி" என்று யாராவது சொன்னால் உங்களுக்குச் சந்தேகம் வர வேண்டும்.

டேடோனா இன்னும் வேடிக்கை. 2017-ல் ஆர்/டியின்மேல் டேடோனா ஸ்டிக்கரும் அலங்காரமும் போட்டு விற்றார்கள், அது 5.7. கூடவே டேடோனா 392 என்று ஒன்று, அது 6.4. 2020-ல் ஐம்பதாம் ஆண்டு நினைவாக ஹெல்கேட்டின்மேல் ஒரு டேடோனா, 717 குதிரைத்திறன், 501 வண்டிகள் மட்டும். இப்போது வந்திருக்கும் மின்சார சார்ஜரின் பெயரும் டேடோனாதான். பெயருக்கேற்றபடி சார்ஜ் ஏற்ற வேண்டிய சார்ஜர்! ஒரே பெயரில் 5.7, 6.4, சூப்பர்சார்ஜர் போட்ட 6.2, பிறகு இன்ஜினே இல்லாத ஒன்று.

புதிய தலைமுறை இந்தக் குழப்பத்தை முழுமையாக்கிவிட்டது. மின்சார டேடோனாவில் ஆர்/டி (496 குதிரைத்திறன்), ஸ்கேட் பேக் (670) என்று இரண்டு வந்தன. மூன்று லிட்டர் இரட்டை டர்போ ஆறு சிலிண்டர் இன்ஜின் போட்ட சிக்ஸ்பேக்கிலும் ஆர்/டி (420), ஸ்கேட் பேக் (550) என்று இரண்டு. இனி ஒருவர் "நான் ஸ்கேட் பேக் வைத்திருக்கிறேன்" என்றால் அது எட்டு சிலிண்டரா, ஆறு சிலிண்டரா, பேட்டரியா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெயரை வைத்துக் கார் தேடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். தேடும்போதே "2019 முதல் 2021 வரை, 6.4" என்று தேடுங்கள்.

மூன்றாம் படி: வின் எண்ணைப் படியுங்கள்

ஒவ்வொரு காருக்கும் 17 இடங்கள் கொண்ட எண். விண்ட்ஷீல்டின் அடியில் ஓட்டுநர் பக்கம் இருக்கும், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. இல்லையென்றால் அதோடு கிளம்பிவிடுங்கள்.

முதல் இடத்தில் 2 இருந்தால் கனடாவில் செய்தது. எட்டாவது இடம்தான் இன்ஜின். அங்கே ஜி என்றால் 3.6 வி6. டி (டாக்ஸியின் டி, மேலே ஒரு கோடு, நடுவே இறங்கும் ஒரு கோடு) என்றால் 5.7. ஜே என்றால் 6.4. எண் 9 என்றால் 6.2 ஹெல்கேட்.

பத்தாவது இடம் மாடல் ஆண்டு. 2015-க்கு எஃப், 2016-க்கு ஜி, 2017-க்கு எச். பிறகு ஐ கிடையாது, ஒன்று என்ற எண்ணோடு குழம்பும் என்று விட்டுவிட்டார்கள். 2018-க்கு ஜே, 2019-க்கு கே, 2020 எல், 2021 எம், 2022 என், 2023 பி. இங்கேதான் கவனம் வேண்டும். எட்டாவது இடத்தில் ஜே இருந்தால் 6.4, பத்தாவது இடத்தில் ஜே இருந்தால் 2018. அவசரத்தில் எண்ணுபவர்கள் 2018 வி6 காரின் ஜேயைப் பார்த்துவிட்டு 392 என்று குதிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் போனில் படம் எடுத்து, பெரிதாக்கி, விரல் வைத்து எண்ணுங்கள். பதினோராவது இடத்தில் எச் இருந்தால் பிராம்ப்டன் தொழிற்சாலை.

கார் பிறந்தபோது இருந்த இன்ஜினைத்தான் வின் எண் சொல்லும். பிறகு இன்ஜினை மாற்றியிருந்தால்? அதற்குப் பானெட்டைத் திறங்கள். இன்ஜின் மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், அதையும் வாங்கி மாட்டலாம். பானெட்டுக்கு அடியில் புகை அளவு விதிகளுக்காக ஒட்டிய லேபிளில் லிட்டர் கணக்கு அச்சாகியிருக்கும். அடுத்து, குனிந்து முன் சக்கரத்துக்குள் பாருங்கள். ஸ்கேட் பேக்கில் பிரெம்போ என்று எழுதிய பெரிய காலிப்பர் (பிரேக் பிடிக்கும் பகுதி) இருக்கும். சாதாரண ஆர்/டியில் பெரும்பாலும் இருக்காது. காலிப்பருக்கு வெறும் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தால், மற்ற இடங்களிலும் இதே போல வேலை செய்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்கேட் என்றால் இரண்டு சாவி கேளுங்கள். சிவப்புச் சாவி முழுப் பலத்தையும் திறக்கும். கறுப்புச் சாவி 500 குதிரைத்திறனோடு நிறுத்திவிடும். "கட்டுப்படுத்திய" சாவியிலேயே ஸ்கேட் பேக்கைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள். சிவப்புச் சாவி தொலைந்துவிட்டது என்று சொன்னால் நம்பலாம், ஆனால் விலையைக் குறைத்துக்கொண்டு நம்புங்கள்.

நான்காம் படி: வாங்கும் விலையை மறந்து, வைத்திருக்கும் விலையைப் போடுங்கள்

இந்தக் காரில் விலை வித்தியாசத்தைவிடப் பராமரிப்பு வித்தியாசம்தான் ஆளைச் சாய்க்கும். முதலில் பெட்ரோல். அமெரிக்க அரசின் கூட்டுச் சராசரியைக் கிலோமீட்டருக்கு மாற்றினால் பின்சக்கர வி6 நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 10.2 லிட்டர் குடிக்கும். 5.7 சுமார் 12.4. ஸ்கேட் பேக் சுமார் 13.1. ஹெல்கேட் 15-ஐ ஒட்டி. வருடம் 20,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு வி6-க்கு 2,040 லிட்டர், ஸ்கேட் பேக்குக்கு 2,620 லிட்டர். 580 லிட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் வி6-க்குச் சாதாரண பெட்ரோல். 5.7-க்கு 89 ஆக்டேன் பரிந்துரை, 87-ம் ஓடும். 6.4-க்கு 91, அதாவது பிரீமியம், பரிந்துரை. ஹெல்கேட்டுக்கு 91 கட்டாயம். சாதாரணம் லிட்டர் 1.50 டாலர், பிரீமியம் 1.80 என்று வைத்துப் போடுங்கள்: வி6-க்கு 3,060 டாலர், ஸ்கேட் பேக்குக்கு 4,716. விலை தினமும் மாறும், உங்கள் பங்க் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஆயிலும் ஒன்றல்ல. 5.7-க்கு 5டபிள்யூ-20. 6.4-க்கும் 6.2-க்கும் 0டபிள்யூ-40. மூன்று ஹெமிக்கும் ஏழு குவார்ட் (சுமார் 6.6 லிட்டர்) பிடிக்கும். சலுகை விலையில் ஆயில் மாற்றித் தரும் கடைகளில் எந்த ஆயிலை ஊற்றினார்கள் என்பதற்கு ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள்.

டயர் அடுத்தது. 2020-ல் வந்த வைட்பாடி வண்டிகள் சாதாரண சார்ஜரைவிட மூன்றரை அங்குலம் அகலம். நான்கு சக்கரத்திலும் 305 அளவு, 20 அங்குல டயர். பார்க்க மல்யுத்த வீரன் போல நிற்கும். அந்த அளவில் ஒரு செட் குளிர்கால டயருக்கு விலை கேட்டுப் பாருங்கள், பிறகு ஒல்லி உடல் ஸ்கேட் பேக் உங்களுக்கு அழகாகத் தெரிய ஆரம்பிக்கும்.

கடைசியாகக் காப்பீடு. இதைத்தான் எல்லோரும் கார் வாங்கிய பிறகு கேட்கிறார்கள். தயவுசெய்து முன்பே கேளுங்கள், அதுவும் "சார்ஜர்" என்று பொதுவாகக் கேட்காமல் வின் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். ஒண்டாரியோவில் பிராம்ப்டன் பக்கம் பிரீமியம் ஏற்கெனவே அதிகம். மாடல்வாரியாகத் திருட்டு, விபத்து இழப்புக் கணக்கை வைத்துத்தான் தொகை போடுகிறார்கள். அமெரிக்கக் காப்பீட்டுத் துறையின் திருட்டுப் பட்டியலில் 2020 முதல் 2022 வரையிலான ஹெல்கேட் சார்ஜர் முதலிடம் பிடித்த கார். என் தம்பிக்கு வி6-க்கு ஒரு தொகை சொன்னார்கள். ஸ்கேட் பேக்குக்குச் சொன்ன தொகையைக் கேட்டதும் போனை ஸ்பீக்கரில் இருந்து எடுத்துவிட்டான், சித்தி காதில் விழக்கூடாதாம்.

திருட்டைப் பற்றிப் பேசும்போது ஒன்று. 2021-ல் டாட்ஜ், 6.4 மற்றும் சூப்பர்சார்ஜர் வண்டிகளுக்கு ஒரு மென்பொருள் மேம்பாட்டை இலவசமாக அறிவித்தது. நான்கு இலக்கக் குறியீட்டை அழுத்தாவிட்டால் இன்ஜின் மூன்றே மூன்று குதிரைத்திறனோடு முனகும், திருடன் யார்டைத் தாண்டமாட்டான். நீங்கள் பார்க்கும் வண்டியில் அது ஏற்றப்பட்டிருக்கிறதா என்று டீலரிடம் வின் எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள்.

ஐந்தாம் படி: பனியையும் கணக்கில் கொண்டுவாருங்கள்

நான்கு சக்கர இயக்கம் வேண்டுமென்றால், 2015-க்குப் பிறகு கடையில் விற்ற சார்ஜரில் அது வி6-ல் மட்டும்தான். வி8-ம் நான்கு சக்கர இயக்கமும் சேர்ந்த ஆர்/டி 2014-ஓடு போய்விட்டது. போலீஸுக்குக் கொடுத்த வண்டிகளில் மட்டும் 5.7-ல் நான்கு சக்கர இயக்கம் தொடர்ந்தது. அவை ஏலத்துக்கு வரும், விலை ஆசை காட்டும். ஆனால் போலீஸ் வண்டி மணிக்கணக்கில் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடிய கிலோமீட்டர் குறைவாகத் தெரியும், இன்ஜின் ஓடிய மணி அதிகமாக இருக்கும். ஹெமிக்கு அது நல்லதல்ல, ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

வி6-ன் நான்கு சக்கர அமைப்பு சாமர்த்தியமானது. தேவையில்லாதபோது முன் அச்சைத் தானே துண்டித்துவிடும், அப்போது வண்டி பின்சக்கர வண்டிதான். பனியும் ஈரமும் வந்தால் மீண்டும் இணைத்துக்கொள்ளும். பெட்ரோல் கொஞ்சம் கூடும்.

பின்சக்கர வி8-ஐப் பனியில் ஓட்ட முடியாதா? முடியும், நல்ல குளிர்கால டயர் போட்டால். நான் தெரிந்தே ஓட்டியிருக்கிறேன். ஆனால் டிசம்பரில் ஒருநாள் சிக்னலில் இருந்து இடதுபக்கம் திரும்பும்போது காலைக் கொஞ்சம் தாராளமாக வைத்தேன். வண்டியின் பின்பக்கம் எனக்கு முன்னால் போகப் பார்த்தது. எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு பாட்டி தலையில் அடித்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது, ஆனால் அந்த அடி எனக்குப் புரிந்தது.

இன்னொரு விஷயம். ஒண்டாரியோவில் 80 அல்லது அதற்கு மேல் வேக வரம்புள்ள ரோட்டில் வரம்பைவிட 50 கிலோமீட்டர் கூடப் போனால் (80-க்குக் குறைந்த ரோட்டில் 40 கூட) அதை "ஸ்டன்ட் டிரைவிங்" என்பார்கள். அந்த இடத்திலேயே லைசென்ஸ் 30 நாள் போகும், கார் 14 நாள் பறிமுதல் யார்டுக்குப் போகும். 717 குதிரைத்திறனுக்கு நூறிலிருந்து நூற்றைம்பதை எட்டுவது ஒரு தும்மல் நேரம்.

ஆறாம் படி: குளிர்ந்த இன்ஜினைக் கேளுங்கள்

விற்பவரிடம் "நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் முதலில் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சில சத்தங்களை மறைக்க இன்ஜினைச் சூடாக்கி வைப்பது பழைய தந்திரம்.

ஹெமியில் "டிக் டிக்" என்று கேட்கும். இதில் இரண்டு வகை, இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்று, புகைக்குழாய் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் போல்ட் உடைவது. குளிரில் இடுக்கு வழியே காற்று கசிந்து டிக் என்னும், சில நிமிடத்தில் உலோகம் சூடாகி விரிந்ததும் இடுக்கு அடைபட்டுச் சத்தம் நின்றுவிடும். சரிசெய்யலாம், உடைந்த போல்ட்டைத் தோண்டி எடுப்பதில்தான் கூலி. இரண்டாவது லிஃப்டர். கேம்ஷாஃப்ட்டின்மேல் உருண்டு வால்வைத் தூக்கும் சின்ன உருளையின் பேரிங் தேய்ந்துவிட்டால், உருளுவதற்குப் பதில் உரசும். கேம்ஷாஃப்ட்டையே அரித்துவிடும். இந்தச் சத்தம் சூடானாலும் போகாது. கூடவே ஐட்லிங்கில் இன்ஜின் தடுமாறலாம். இதைச் சரிசெய்ய சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியாக வேண்டும், பெரிய பில் வரும். நீண்ட நேரம் ஐட்லிங்கில் நிற்கும்போது அந்தப் பகுதிக்கு ஆயில் சரியாகத் தெறிக்காது என்பது பல மெக்கானிக்குகள் சொல்லும் காரணம். போலீஸ் வண்டியைப் பற்றி நான் தயங்கியது இதனால்தான்.

ஆக, குளிரில் ஸ்டார்ட் செய்து, கால் மணி நேரம் ஓட்டி, மறுபடி நிறுத்தி, பானெட்டைத் திறந்து காது கொடுங்கள். முதலில் இருந்த சத்தம் போய்விட்டதா, இன்னும் இருக்கிறதா? அந்தப் பதிலுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் மதிப்பு.

வி6-ல் பார்க்க வேண்டியது வேறு. இரண்டு சிலிண்டர் வரிசைக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஆயில் ஃபில்டரும் கூலரும் பொருந்திய பிளாஸ்டிக் கூடு இருக்கிறது. அது விரிசல் விட்டால் ஆயில் அந்தப் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கமாக வழிந்து, கியர்பாக்ஸ் இணையும் இடத்தில் சொட்டும். அடியில் இருந்து பார்க்கும் மெக்கானிக் பின் சீல் போய்விட்டது என்று தவறாகச் சொல்லக்கூடும். டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள்.

சோதனை ஓட்டத்தில் நேரான ரோட்டில் ஒருமுறை நன்றாக மிதியுங்கள், வேக வரம்புக்குள். எட்டு கியரும் உதறல் இல்லாமல் மாற வேண்டும். ஹெல்கேட்டில் சூப்பர்சார்ஜர் விசில் அடிப்பது இயல்பு, பயப்பட வேண்டாம்.

என் கருத்து, கேட்டால்

தினமும் வேலைக்குப் போகிற, ஒரே காருள்ள குடும்பத்துக்கு ஜி.டி. நான்கு சக்கர இயக்கம். வி8-தான் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் ஒல்லி உடல் ஸ்கேட் பேக். நடுவில் நிற்கும் ஆர்/டியை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது: ஹெமிக்கே உரிய செலவுகளைப் பாதி தருகிறது, 392 தரும் சந்தோஷத்தைக் கால்வாசிதான் தருகிறது. விலை நன்றாகக் குறைந்து கிடைத்தால் மட்டும் பாருங்கள். ஹெல்கேட் வாங்குபவர்களுக்கு என் ஆலோசனை தேவைப்படாது, அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள்.

ஏழாம் படி: காகிதம்

ஒண்டாரியோவில் தனியாரிடம் வாங்கினால், விற்பவர் உங்களுக்குப் பயன்படுத்திய வாகனத் தகவல் தொகுப்பைக் கொடுக்க வேண்டும். பழைய உரிமையாளர்கள், வண்டிமேல் கடன் பாக்கி எல்லாம் அதில் தெரியும். விபத்து வரலாற்று அறிக்கையைத் தனியே எடுங்கள். பாதுகாப்புச் சான்று யார் எடுப்பது என்று விலை பேசும்போதே முடிவு செய்துவிடுங்கள். பதிவின்போது 13 சதவீத வரி உண்டு. நீங்கள் கொடுத்த விலை, அரசு ஒப்புக்கொள்ளும் மொத்த விற்பனை மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல். "ரசீதில் குறைத்துப் போடலாம்" என்று யாராவது காதில் ஓதினால் அது உதவாது.

சித்தி மகன் கடைசியில் ஒரு 2021 ஜி.டி. நான்கு சக்கர இயக்கம் வாங்கினான். எட்டாவது இடத்தில் ஜி. நிதானமாக ஓட்டுகிறான், சித்திக்கும் பின்சீட் பிடித்திருக்கிறது. போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். முழுக் கார் இல்லை, ஏதோ ஒரு யார்டில் ஒரு விண்ட்ஷீல்டின் மூலை மட்டும். பெரிதாக்கி எண்ணினேன். எட்டாவது இடத்தில் ஜே. கீழே, "சும்மா பார்க்கத்தான் வந்தேன் அண்ணா."